விடியும் முன் வேலை, ஒன்பது மணிக்குப் பள்ளி: குமரி மாவட்டத்திலிருந்து குழந்தைத் தொழிலைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

குழந்தைத் தொழிலாளர் என்று பேச்சை எடுத்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் அனேகமாக ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் நம்ம ஊர்ல கிடையாது." அப்படிச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காத வீடு என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும் பிள்ளையும் தொழிலாளியாக இருக்க முடியும். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தப் பிள்ளையைப் பற்றியது.

முதலில் அடிப்படை. பிள்ளைகள் செய்கிற எல்லா வேலையும் குழந்தைத் தொழில் ஆகிவிடாது. சாயங்காலம் கோழிக்குத் தீனி போடுவது, தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது, கடைக்கு ஓடிப்போய் ஒரு தேங்காய் வாங்கி வருவது, இதையெல்லாம் யாரும் தடுக்கவில்லை. பிள்ளையின் உடலுக்கோ மனதுக்கோ கேடு செய்கிற வேலை, படிப்பைக் கெடுக்கிற வேலை, பிள்ளைப் பருவத்தையே பறித்துக்கொள்கிற வேலை, இவற்றைத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு குழந்தைத் தொழில் என்று வரையறுக்கிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. பிள்ளைக்கு என்ன வயது? வேலை எப்படிப்பட்டது? எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில்? அதற்காகப் பிள்ளை எதை விட்டுக்கொடுக்கிறது?

தோவாளையில் பூக்கட்டும் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். பள்ளி விட்டு வந்த பெண்பிள்ளை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பூ கட்டினால் அது வீட்டு ஒத்தாசை. அதே பிள்ளை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சந்தைக்குப் போவதற்குள் மாலைகளை முடித்துக்கொடுத்துவிட்டு, வகுப்பில் இரண்டாவது பீரியடிலேயே தூங்கி விழுந்தால் கதை வேறு. வீடு மாறவில்லை, பூ மாறவில்லை, அம்மாவின் அன்பும் குறையவில்லை. நேரமும் அளவும் மாறியதில் ஒத்தாசை தொழிலாகிவிட்டது.

உலக அளவில் நிலைமை என்ன? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் சுமார் 13.8 கோடிக் குழந்தைகள் இப்படி உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில். 2000ஆம் ஆண்டில் மொத்த எண்ணிக்கை 24.6 கோடியாக இருந்தது. எனவே குறைந்திருக்கிறது, நிறையவே குறைந்திருக்கிறது. ஆனால் 2025க்குள் ஒழித்துவிடுவோம் என்று உலக நாடுகள் வைத்த இலக்கு நிறைவேறவில்லை. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பு 5 முதல் 14 வயதுக்குள் 1.01 கோடிப் பிள்ளைகள் வேலை செய்வதாகச் சொன்னது. ஆலையில் இருப்பவர்களைவிட விவசாயத்திலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள்தான் உலகெங்கும் அதிகம், ஐந்தில் மூன்று பேர். ஆலையில் சோதனை போட்டால் பிள்ளை கண்ணில் படும். தோட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் யார் சோதனை போடுவது?

குமரியின் கடிகாரம்

இந்த மாவட்டத்தின் பல தொழில்களுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு. அவை விடிவதற்கு முன்பே தொடங்குபவை. குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பரில் பால்வெட்டு இருட்டோடு தொடங்கிவிடும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். பிச்சியும் மல்லியும் மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் போவதும் பல இடங்களில் காலைப் பொழுதில்தான். இதனால் பிள்ளையின் வேலையும் பள்ளியும் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. நாலரைக்கு வேலை, ஒன்பதுக்குப் பள்ளி. வருகைப் பதிவேட்டில் எந்தக் குறையும் தெரியாது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. அப்போது ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்களில் மட்டும்தான் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாது. முந்திரி பதப்படுத்துதல் அந்தப் பட்டியலில் இருந்தது. வீட்டு வேலையையும் ஓட்டல், டீக்கடை வேலையையும் 2006இல் பட்டியலில் சேர்த்தார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்திய பிறகு பட்டியலுக்கே அவசியம் இல்லாமல் போனது: 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், ஆபத்தான உற்பத்தி முறைகள் ஆகியவற்றில் வைக்கக் கூடாது.

இதில் இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று கலை, சினிமாவில் நடிக்கும் பிள்ளைகள், அதை விட்டுவிடுவோம். இன்னொன்று குடும்பத் தொழில். ஆபத்தில்லாத வேலையாக இருந்தால், பள்ளி நேரம் போக, பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம். பெற்றோர் மட்டுமல்ல, அண்ணன், அக்கா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லோரும் இந்தக் குடும்பக் கணக்கில் வருகிறார்கள். பலர் படிப்பது இதுவரைதான். "சொந்தத் தொழில்தானே, சட்டமே அனுமதிக்குது" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் 2017இல் வந்த விதிகள் அந்த உதவிக்கு ஓர் எல்லை போட்டிருக்கின்றன. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை எந்த வேலையும் கூடாது. மேலே சொன்ன மூன்று தொழில்களையும் இந்த விதியோடு பொருத்திப் பாருங்கள். விடிகாலைப் பால்வெட்டுக்கோ பூப்பறிக்கவோ பிள்ளையை எழுப்புவது, சொந்த வீடு, சொந்த மரம், சொந்தச் செடி என்றாலும் விதிக்குப் புறம்பானது. குமரிக்காகவே எழுதின மாதிரி இருக்கும் இந்த விதியை இங்கே பெரும்பாலானோர் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

பிள்ளையின் உடலுக்கு என்ன ஆகிறது

பெரியவர்கள் செய்கிற வேலையைப் பிள்ளை கொஞ்சம் குறைவாகச் செய்தால் பாதிப்பும் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று தோன்றும். உடல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வளர்கிற எலும்பின் முனைகளில் மென்மையான வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. நாள்தோறும் பாரம் தூக்கினால் அடிபடுவது அதுதான். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அதனால் செங்கல் சூளையின் தூசியும் புகையும் அதிகமாக உள்ளே போகின்றன. தோலும் மெல்லியது.

முந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரத்தில் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, என்றால் தெரியாதவர்கள் இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அண்டியின், அதாவது முந்திரிக்கொட்டையின், ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது, தோலில் பட்டால் வெந்துபோகும். அதனால்தான் உடைப்பவர்கள் கையில் சாம்பல் தேய்த்துக்கொள்கிறார்கள். பல வருடம் அந்த வேலை செய்தவர்களின் விரல்களைப் பார்த்தாலே புரியும். அந்த எண்ணெய் பத்து வயதுக் கையில் படக் கூடாது.

ஆனால் படுவதற்கு ஒரு வழி இருக்கிறது: எடைக் கணக்கில் கூலி. எத்தனை கிலோ தோல் உரித்தாயோ அத்தனைக்குத்தான் காசு என்று இருக்கும் இடத்தில், ஒரு கை கூடினால் கூலியும் கூடும். வேலை வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தக் கூடுதல் கை பிள்ளையுடையதாக ஆகிவிடுவது இயல்பு. செங்கல் சூளையிலும் இதே கதைதான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குப் பேசிவிடுகிறார்கள். அப்பா மண் குழைக்க, அம்மா கல் அறுக்க, காய்கிற கல்லைத் திருப்பிப்போடுவது பிள்ளையின் பங்காகிவிடுகிறது. சம்பளப் பட்டியலில் அப்பாவின் பெயர் மட்டும் இருக்கும். அதோடு முன்பணமும் வாங்கியிருந்தால், கடன் தீரும்வரை குடும்பம் நகர முடியாது என்ற நிலை வந்துவிடும். அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976லேயே தடை செய்யப்பட்டது.

ரப்பர் வீடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்குவதையும் ஆசிட் கலக்குவதையும் ஒரே மாதிரி 'சின்ன வேலை' என்று பிள்ளையிடம் விட்டுவிடக் கூடாது.

உடலில் இவ்வளவு தெளிவாகத் தெரியாத சேதம் தூக்கத்தில் நடக்கிறது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நாலு மணிக்கு எழுகிற பிள்ளை ஏழு மணிக்கே படுத்தால்தான் அது கிடைக்கும். எந்த வீட்டில் அது நடக்கும்? தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்காது. இதை ஆசிரியர்கள் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வதும், பிள்ளையே தன்னை மக்கு என்று நம்பத் தொடங்குவதும் நடக்கின்றன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் இந்த இழப்பு பல வருடம் வெளியே வராது. ஒன்பதிலோ பத்திலோ திடீரென்று தெரியும். "அவனுக்குப் படிப்பு ஏறல, அதான் வேலைக்கு அனுப்பினோம்" என்பார்கள். பல நேரங்களில் நடந்தது தலைகீழ்: வேலை முதலில் வந்தது, படிப்பு ஏறாமல் போனது அதற்குப் பின்னால்.

ஏன் அனுப்புகிறார்கள்

ஏழ்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது போதாது. பிள்ளை வேலைக்குப் போகிற குடும்பத்தின் கதையைக் கேட்டால், நடுவில் ஒரு சம்பவம் இருக்கும். அப்பா மரத்திலிருந்து விழுந்தார், அம்மாவுக்கு ஆபரேஷன், வட்டிக் கடன், குடி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் முதல் கிழக்கே வரை இந்தக் கடற்கரை எத்தனை பேரை இழந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். சம்பாதிக்கிற ஆள் ஒரே இரவில் இல்லாமல் போன வீட்டில், பதினாலு வயது மகனை எல்லோரும் பார்க்கிற பார்வையே மாறிவிடும். அந்த நேரத்தில் கையில் வந்து சேர்கிற மாதப் பணம்தான் அவனைப் பள்ளியில் நிறுத்திவைக்கும், அறிவுரை நிறுத்திவைக்காது.

பொருளாதார அறிஞர் கௌசிக் பாசு, இன்னொருவரோடு சேர்ந்து 1998இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழகாக விளக்கியிருக்கிறார். பெற்றோர் ஆசைப்பட்டுப் பிள்ளையை அனுப்புவதில்லை. பெரியவர்களின் வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போகும்போதுதான் அனுப்புகிறார்கள். ஆனால் பிள்ளைகள் குறைந்த கூலிக்கு வேலைக்கு வர வர, அதே வேலையைச் செய்கிற பெரியவர்களின் கூலியும் கீழே இழுபடுகிறது. கூலி குறைந்ததால் இன்னும் சில வீடுகள் பிள்ளையை அனுப்புகின்றன. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விலகினால் பெரியவர்கள் கூலி உயரும், பிள்ளையை அனுப்பும் அவசியமே போய்விடலாம். ஒரு வீடு மட்டும் தனியாக விலகினால் அந்த வீட்டுக்கு நஷ்டம்தான். அதனால்தான் இது அந்தந்த வீட்டின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை. அரசும் சட்டமும் உள்ளே வந்தாக வேண்டும்.

சட்டம் மட்டும் வந்தாலும் போதாது. 1986 சட்டத்தின் விளைவைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்டது கவலை தருவது: தடைக்குப் பிறகு பிள்ளைகளின் கூலி இன்னும் குறைந்தது, மிக ஏழையான குடும்பங்கள் அந்தக் குறைவை ஈடுகட்டக் கூடுதலாகப் பிள்ளைகளை அனுப்பின. தடை இருக்கிறது, ஆனால் அமலாக்கம் அரைகுறை, குடும்பத்துக்கு மாற்று வருமானமும் இல்லை என்றால் இப்படித்தான் ஆகும். என்னைக் கேட்டால், சோதனை நடத்திப் பிடிப்பதோடு வேலை முடிந்ததாக நினைப்பது பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

எது வேலை செய்தது

இந்த மண்ணுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. குமரி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே அடிமை முறை முழுமையாக ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன் அடிமைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளையும் அடிமைதான். அதே திருவிதாங்கூரில் 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். அதற்கும் முன்பே மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற கிறிஸ்தவ மிஷனரி பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். பிள்ளைகளை வயலிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் எடுத்து வந்தது பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது சோறு. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்று படிப்பைப் பாதியில் விட்டவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. விடிகாலையில் வேலை நடக்கிற மாவட்டத்தில் இந்தக் காலைச் சாப்பாட்டின் மதிப்பு தனி. அம்மா ஐந்து மணிக்கே பால்வெட்டப் போய்விட்ட வீட்டுப் பிள்ளைக்கு, சீக்கிரம் பள்ளிக்கு வர அது ஒரு காரணம்.

பெரிய ஓட்டை 14 வயதுக்கு மேல்தான் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். 15 வயதுப் பையன் ஆழ்கடல் விசைப்படகில் வாரக்கணக்கில் போனாலும், ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் அவனைப் பள்ளிக்கு அழைக்க அந்தச் சட்டத்தால் முடியாது. இந்த வயதுக்காகவே சில திட்டங்கள் வந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அப்பாவையோ அம்மாவையோ இழந்து தவிக்கும் குடும்பங்களுக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கடைசித் திட்டம் பலருக்குத் தெரியவே தெரியாது. ஒரு சாவு வீட்டில் பத்து ஆறுதல் வார்த்தைகளோடு இதையும் ஒருவர் சொல்லிவிட்டு வந்தால் எவ்வளவோ நல்லது.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளை நாம் நம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சூளையிலும் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் பெற்றோரோடு வந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, கையில் சான்றிதழ் இருக்காது. ஆனால் வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். அதேபோல், "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கோம், படிக்க வைக்கிறோம்" என்று வீட்டு வேலைக்குக் கொண்டுவந்த பெண்பிள்ளை. நான்கு சுவருக்குள் நடப்பதால் இதுதான் மிகவும் மறைவானது. அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறதா என்று கேட்பது பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை.

பார்த்தால் என்ன செய்வது

1098. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண், கட்டணம் இல்லை. இடம், நேரம், பிள்ளையின் தோராய வயது, என்ன வேலை என்பதைச் சொன்னால் போதும். மத்திய அரசின் பென்சில் இணையதளத்திலும் புகார் பதியலாம். முதலாளியிடம் நேரே போய்ச் சண்டை போடாதீர்கள். அடுத்த நாள் பிள்ளை வேறு இடத்துக்குப் போய்விடும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம், பிள்ளைக்கும் அது காலத்துக்கும் அவமானம்.

புகார் போனதும் தொழிலாளர் துறை, காவல்துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவை சேர்ந்து போகும். மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். வயதில் சந்தேகம் இருந்தால் முதலில் பள்ளிச் சான்று, இல்லையென்றால் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தோடு அரசு 15,000 ரூபாய் சேர்த்துப் பிள்ளையின் பெயரில் போட வேண்டும். முதல் தடவை பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால், அந்தக் குடும்பம் ஜெயிலுக்குப் போய்விடுமோ என்று பயந்து புகார் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை.

புகார் வரைக்கும் போகாமல் முன்பே பிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. தகவல் சொல்லாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து 30 நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால், தலைமை ஆசிரியர் மாவட்டத்தில் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே 2017 விதிகள் சொல்கின்றன. அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகவே இருக்கலாம். குழு கூடும்போது பெயிண்ட், கழிப்பறை, மதில் சுவர் பேசி முடிந்த பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாதம் அதிகமாக வராத பிள்ளைகள் யார் யார்? போன வருடம் எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் ஒன்பதில் சேராதவர்கள் எங்கே?